பட்டர் உங்கள் வீச்சுக்குப் பொருந்துகிறதா? பந்து தவறும் விதத்தை வைத்துக் காரணம் காணும் வழி

கோல்ஃப் பையில் இருக்கும் மட்டைகளில் அதிகமாகப் பழி சுமப்பது, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர்தான். நாலடி தூரத்துப் பந்து குழியைத் தவறவிட்டால் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அடுத்த வாரமே வேறொன்றைத் தேடத் தொடங்குகிறோம். மட்டையே காரணமாக இருக்கவும் கூடும். ஆனால் அதில் எது காரணம்? நீளமா, எடையா, முகச் சாய்வா, தலை தொங்கும் விதமா? அது தெரியாமல் மாற்றினால் பழைய தவறு புது மட்டையோடும் கூடவே வரும்.

அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம். உங்கள் பந்து எப்படித் தவறுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். முதலில் வரும் சோதனையை மட்டும் எல்லோரும் செய்தாக வேண்டும்.

இடம், வலம் என்று சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படிக்கவும். பட்டரின் தலையில் தண்டு சேரும் பக்கத்து முனை ஹீல், எதிர் முனை டோ. பந்தைத் தொடும் தட்டைப் பக்கம் முகம்; அது வலப்பக்கம் திரும்பியிருந்தால் திறந்த முகம், இடப்பக்கம் திரும்பியிருந்தால் மூடிய முகம்.

எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது

"பந்து குழிக்கு வலப்பக்கம் போகிறது" என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சரிவைத் தவறாகக் கணித்தாலும் வலப்பக்கம் போகும். வேகம் குறைந்தாலும் சரிவு பந்தை அங்கே இழுத்துவிடும். குறி தவறினாலும், முகம் திறந்திருந்தாலும் அதே இடத்தில்தான் போய் நிற்கும். இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, பந்து முடியும் இடத்தை விட்டுவிட்டுப் புறப்படும் திசையைப் பார்ப்பது.

கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், சமதளமான ஓர் இடத்தைத் தேடுங்கள். ஒரு பக்கமிருந்து உருட்டிப் பாருங்கள், எதிர்ப்பக்கமிருந்தும் உருட்டுங்கள். இரு திசையிலும் பந்து வளையாமல் ஓடினால் அந்த இடம் போதும். பந்தை வைத்து, அதற்கு இரண்டு அடி முன்னால் இரண்டு டீக்களை (பந்தை ஏற்றிவைக்கும் சிறு முளைகளை) இரண்டரை அங்குல இடைவெளியில் நடுங்கள். இதுதான் வாசல். பந்தின் விட்டம் 1.68 அங்குலம். ஆகவே இந்த வாசலைத் தொடாமல் போகும் பந்து, இருபுறமும் ஏறக்குறைய ஒரு டிகிரிக்குள் புறப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஒரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பத்து அடி தூரத்தில் ஒரு டிகிரிப் பிசகு பந்தை இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமாக விலக்கிவிடும். குழியின் விட்டம் 4.25 அங்குலம், மையத்திலிருந்து விளிம்புக்கு 2.125 அங்குலம். ஒரு டிகிரி தவறிய பந்து பத்தடியில் விளிம்பை உரசும், அவ்வளவுதான்; வேகம் சற்றுக் கூடினால் உள்ளே விழாது. இருபது அடிக்கு அந்த ஒரு டிகிரியே பந்தைக் குழிக்கு வெளியே கொண்டுபோய்விடும்.

பத்துப் பந்துகளை உருட்டி, எந்த டீயில் எத்தனை பந்து மோதியது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதோடு, ஒவ்வொரு பந்திலும் முகத்தில் படும் இடத்தில் வெள்ளைப் பலகைக்கான பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பந்து முகத்தில் எங்கே பட்டது என்பதற்கு அந்த மை சாட்சி சொல்லும். துணியால் துடைத்தால் போய்விடும்.

கடைசியாக, தண்டைத் தலைக்கு அருகே ஒரு விரலின்மேல் படுக்கவைத்து மட்டையைச் சமன் செய்யுங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் அது சமன்முக பட்டர். டோ நேராகத் தரையை நோக்கினால் முழுத் தொங்கல். இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து நின்றால் நடுத்தரத் தொங்கல். கையில் இருக்கும் மட்டை எந்த வகை என்பது கீழே பல இடங்களில் தேவைப்படும்.

அறிகுறி: வாசலிலேயே பந்து ஒரே பக்கம் போகிறது

வலது டீயிலோ இடது டீயிலோ தொடர்ந்து மோதுகிறதென்றால் காரணம் இரண்டில் ஒன்று. குறி வைக்கும்போதே முகம் தவறான திசையைப் பார்த்திருக்கலாம். அல்லது சரியாகப் பார்த்த முகம், பந்தைத் தொடும் நேரத்தில் திரும்பியிருக்கலாம். முதலாவதைத்தான் பெரும்பாலானோர் சோதித்துப் பார்ப்பதே இல்லை. என் கணிப்பில் பொருந்தாத பட்டர்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் சிக்கும்.

சோதனை எளிது. பத்தடி தொலைவில் ஒரு டீயை நட்டு, வழக்கம்போல் நின்று குறி வையுங்கள். கூட இருப்பவரை மெதுவாகப் பந்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் அசையாமல் மட்டையைப் பிடித்திருங்கள். தச்சர்கள் பயன்படுத்தும் மூலைமட்டத்தின் ஒரு கையை முகத்தோடு ஒட்டிவைத்தால், மற்றக் கை முகம் நோக்கும் திசையைக் காட்டும். அந்தத் திசையில் ஒரு நூலைப் பிடித்து டீ வரைக்கும் இழுக்கச் சொல்லுங்கள். நூல் டீயைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போவதைப் பார்க்கும்போது பலருக்கும் நம்ப முடிவதில்லை. மேலிருந்து பார்க்கையில் குறி அவ்வளவு நேராகத் தெரிந்திருக்கும்!

இதை ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் விலகி நின்று மீண்டும் வந்து, செய்யுங்கள். நூல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் போனால் அந்தத் தலையின் வடிவம் உங்கள் கண்ணை ஏமாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போனால் தலையைக் குற்றம் சொல்ல முடியாது. நிற்கும் முறையும் பார்வையும் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

கண்ணை ஏமாற்றுபவை மூன்று. ஒன்று, தலையின் வடிவம். மெல்லிய பிளேடின் நேரான மேல்விளிம்பு சிலருக்கு முகத்தின் திசையைத் தெளிவாகக் காட்டும். வேறு சிலருக்குப் பின்னால் நீண்டிருக்கும் மேலட் தலைதான் காட்டும். இரண்டு, குறிவைக்க உதவத் தலையின்மேல் வரைந்திருக்கும் கோடு. நீண்ட கோடு, சிறு புள்ளி, கோடே இல்லாத தலை என்று ஒவ்வொன்றையும் கண் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறது. ஒடிஸி நிறுவனம் 2001இல் கொண்டுவந்த டூ-பால் பட்டரின் பின்புறத்தில் இருக்கும் இரண்டு வெள்ளை வட்டங்கள் இதற்காகவே வந்தவை: பந்தோடு சேர்த்து மூன்று வட்டங்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். மூன்று, ஆஃப்செட், அதாவது தண்டைவிட முகம் எவ்வளவு பின்தள்ளி இருக்கிறது என்பது. ஆஃப்செட் கூடினால் சிலர் இடப்பக்கம் குறி வைப்பார்கள். சிலருக்கு நேர்மாறாக நடக்கும். இதில் பொதுவிதி எதையும் நம்பாதீர்கள். நூல் சொல்வதை நம்புங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெடுநாள் ஆடியவர்களுக்குக் குறித் தவறும் வீச்சுத் தவறும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு வாழும். இடப்பக்கம் குறி வைத்து, கைகள் தாமாகவே முகத்தைத் திறந்து வலப்பக்கம் தள்ளி, பந்து எப்படியோ நடுவில் போகும். நெருக்கடியான நேரத்தில் அந்தச் சரிக்கட்டல் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். இப்படிப்பட்டவர் சரியாகக் குறிவைக்க உதவும் பட்டருக்கு மாறினால் முதல் சில நாட்கள் எல்லாப் பந்தும் வலப்பக்கமே போகும். புது மட்டை ஒத்துவரவில்லை என்று தூக்கி வைத்துவிடுவார். உண்மையில் அது சரியான மட்டை; மறக்க வேண்டியது கைகளின் பழைய பழக்கம். நூல் நேராகப் போகிறது, பந்து மட்டும் வலப்பக்கம் போகிறது என்றால் பொறுத்திருந்து வாசலில் பயிற்சி செய்யுங்கள்.

குறி சரி, இருந்தும் பந்து வலப்பக்கம் புறப்படுகிறது

முகம் திறந்த நிலையில் பந்தைத் தொடுகிறது. பட்டிங்கில் பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முகமே முடிவு செய்கிறது. மட்டை வரும் பாதைக்குப் பங்கு மிகக் குறைவு. அதனால் "உள்ளிருந்து வெளியே வீசுகிறேன், அதுதான் காரணம்" என்று பாதையைத் திருத்துவதில் காலத்தைச் செலவிட வேண்டாம்.

சமன் செய்து பார்த்தபோது டோ நன்றாகத் தொங்கியதா? அப்படியானால் மட்டைமேல் சந்தேகம் வலுக்கிறது. தொங்கல் உள்ள பட்டரில் தலையின் எடைமையம் தண்டின் அச்சிலிருந்து டோ பக்கம் தள்ளி இருக்கிறது. முன்னோக்கி வேகமெடுக்கும்போது அந்த எடை சற்றுப் பின்தங்க முயலும். பின்தங்கினால் முகம் திறக்கும். வீச்சில் இயல்பாகவே முகத்தைச் சுழற்றி மூடுகிறவருக்கு இந்தப் பின்தங்கல் தடையாக இராது, அவருடைய சுழற்சியை அளவோடு வைத்திருக்கவும் உதவும். நேர்கோட்டில் பின்னும் முன்னும் ஆட்டுகிறவர் மூடும் வேலையைச் செய்வதே இல்லை. அவர் கையில் அதே மட்டை திறந்த முகத்தோடுதான் பந்துக்கு வரும்.

எனவே வலப்பக்கம் தவறுகிறவர்கள் தொங்கல் குறைவான பட்டரை, முடிந்தால் சமன்முகத்தை, சோதித்துப் பார்க்கவும். தண்டு இரண்டு இடத்தில் வளைந்து தலையோடு சேரும் மேலட்கள் பெரும்பாலும் சமன்முகம் கொண்டவை. அண்மை ஆண்டுகளில் பரவியிருக்கும் சுழல்விசையற்ற பட்டர்கள் இதற்கும் ஒரு படி மேலே போய், எடைமையத்தைத் தண்டின் அச்சோடு சேர்த்துவிடுகின்றன. தலை தானாகத் திறக்கவும் முயலாது, மூடவும் முயலாது. 2025 அமெரிக்க ஓப்பனை ஜே. ஜே. ஸ்பான் வென்றது அந்த வகை பட்டரோடுதான். கையில் எடுத்ததும் உயிரில்லாத பொருள்போல் இருக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள். அந்த உணர்வுக்குப் பழக முடியாதவர்களும் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்துவதில் அர்த்தமில்லை.

மட்டையை மாற்றும் முன் மை எங்கே பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். டோ பக்கமே தொடர்ந்து பட்டால் அந்த மோதலே முகத்தைத் திறக்கும். பந்துக்கு அரை அங்குலம் நெருங்கி நின்றாலே சரியாகிவிடக்கூடிய தவறு அது.

குறி சரி, பந்து இடப்பக்கம் புறப்படுகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். கைகள் முகத்தை நன்றாகச் சுழற்றுகின்றன. மட்டையோ எந்த எதிர்ப்பும் காட்டாத சமன்முகம். சுழற்சி அளவு மீறி, முகம் மூடிய நிலையில் பந்தைத் தொடுகிறது. நடுத்தரத் தொங்கலுக்குப் போய்ப் பாருங்கள். கார்ஸ்டன் சோல்ஹைம் 1966இல் வடிவமைத்த பிங் ஆன்சரின் குடும்பம் இந்த இடத்துக்கே பொருத்தமானது: எடையை ஹீலிலும் டோவிலும் பிரித்து வைத்த தலை, குழாய் முழங்கைபோல் மடங்கும் கழுத்து, நடுத்தரத் தொங்கல். இன்று எந்த நிறுவனத்தின் பிளேடை எடுத்தாலும் அதன் சாயல் தெரியும்.

பந்தை இடது காலுக்கு மிக அருகில் வைப்பதாலும் இடப்பக்கம் போகும். வில் வடிவில் வரும் மட்டை முன்னே போகப் போக மூடிக்கொண்டே வருகிறது. பந்து முன்னால் இருந்தால் மூடிய முகத்தைத்தான் சந்திக்கும். ஒரு பந்தகலம் பின்னே வைத்துச் சோதித்த பிறகு மட்டையைப் பற்றி யோசிக்கலாம்.

வில்லுக்குத் தொங்கல், நேர்வீச்சுக்குச் சமன்முகம் என்ற பொதுவிதியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டர் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் சட்டம் அல்ல. நன்றாக வளைந்து வீசும் பலர் சமன்முக மேலட்டோடு அருமையாக ஆடுகிறார்கள். வீச்சின் வடிவத்தைக் காணொளியில் அளந்து அதற்கேற்ப வாங்குவதைவிட, பந்து தவறும் பக்கத்தைப் பார்த்து வாங்குவதே நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து. வீச்சு அழகாக இருந்தும் பந்து வாசலைத் தாண்டாவிட்டால் அந்த அழகால் பயனில்லை.

அறிகுறி: இருபக்கமும் மாறி மாறித் தவறுகிறது

இதற்குத் தொங்கலை மாற்றிப் பயன் இராது. ஒரே பக்கம் தவறினால் ஒரு பக்கச் சார்பு இருக்கிறது என்று பொருள். இருபுறமும் தவறினால் நிலையாமை. முகத்தில் மை பரவலாகப் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பரவலாக இருந்தால், மையம் தவறிப் பட்டாலும் அதிகம் முறுகாத தலை வேண்டும்: எடை ஓரங்களுக்கும் பின்பகுதிக்கும் தள்ளிவைக்கப்பட்ட பெரிய மேலட். 1986இல், 46 வயதில், ஜாக் நிக்லஸ் மாஸ்டர்ஸை வென்றபோது அவர் கையில் இருந்த மக்ரெகர் பட்டரின் தலை அன்றைய கண்களுக்கு வினோதமான அளவில் பெரிதாக இருந்தது. இன்று அந்த அளவு யாரையும் திரும்பிப் பார்க்கவைக்காது.

தொழில்முறை ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லரின் கதை இதற்கு நல்ல பாடம். பந்தைக் கிரீனுக்குக் கொண்டுவருவதில் நிகரற்றவராக இருந்தும் பட்டிங்கில் தடுமாறிக்கொண்டிருந்தார். 2024 மார்ச்சில் பிளேடை விட்டு மேலட்டுக்கு மாறினார். அந்த வாரமே ஆர்னால்ட் பாமர் இன்விடேஷனலை வென்றார், அடுத்து பிளேயர்ஸ், ஏப்ரலில் மாஸ்டர்ஸ். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டின் இறுதியில் குறுந்தூரப் பந்துகளுக்காகப் பிடியையும், கீழ்க்கை விரல்களால் மட்டும் தண்டைப் பற்றும் நகப்பிடிக்கு மாற்றிக்கொண்டார். தலையை மாற்றியது ஒரு பிரச்சினையைத் தீர்த்தது; மற்றொன்றுக்கு வேறு மருந்து வேண்டியிருந்தது.

மை நடுவிலேயே பட்டும் திசை மாறுகிறதென்றால் மணிக்கட்டு விளையாடுகிறது. தடித்த பிடி அதை அடக்கும். தடித்த பிடியின் எடை கூடினால் தலையின் கனம் கைக்குக் குறைவாகத் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அறிகுறி: திசை சரி, தூரம் சரியில்லை

மீண்டும் மையைப் பாருங்கள். நடுவில் பட்ட பந்துகள் குழியருகே நின்று, ஓரத்தில் பட்டவை பின்தங்கினால், மேலே சொன்ன பெரிய தலையே இதற்கும் விடை. எல்லாம் நடுவில் பட்டும் ஒன்று மூன்றடி குறைவாகவும் அடுத்தது நான்கடி கூடுதலாகவும் போனால் எடையைப் பாருங்கள்.

இன்றைய தலைகள் பெரும்பாலும் 340 முதல் 370 கிராம் வரை இருக்கும். தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாத அளவு லேசாக இருந்தால் கைகள் வேகத்தை உண்டாக்கத் துடிக்கும். வீச்சு வெட்டி வெட்டி வரும். அளவுக்கு மீறிக் கனத்தால் நீண்ட தூரத்தில் உணர்வு மழுங்கும். புது மட்டை வாங்கும் முன் ஈய நாடாவை வாங்கித் தலையின் அடியில் ஒட்டிப் பாருங்கள். சில கிராம் கூட்டினாலே வித்தியாசம் தெரியும். ஹீலுக்கும் டோவுக்கும் சமமாக ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தொங்கலும் மாறிவிடும். இதைச் சுற்று தொடங்கும் முன் செய்துவிட வேண்டும்; ஆட்டத்தின் நடுவே மட்டையின் தன்மையை வேண்டுமென்றே மாற்ற விதி இடம் தராது.

தண்டை வெட்டிக் குட்டையாக்கியவர்களுக்குத் தனியே ஒரு சொல். ஓர் அங்குலம் வெட்டினாலே தலை கணிசமாக லேசானதுபோல் தோன்றும். வெட்டிய பிறகு தூரம் தடுமாறத் தொடங்கியதென்றால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம், எடையைக் கூட்டுங்கள்.

அறிகுறி: பந்து புறப்பட்டதும் துள்ளுகிறது

கைபேசியைத் தரையோடு ஒட்டி வைத்து, பக்கவாட்டில் மெதுவியக்கக் காணொளி எடுங்கள். பந்தின் முதல் ஓரடிதான் முக்கியம்.

பந்து தன் எடையால் புல்லில் சிறு குழிவில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து அதை மெல்லத் தூக்கிவிடத்தான் பட்டர் முகத்துக்கும் சாய்வு வைத்திருக்கிறார்கள். அதுதான் லாஃப்ட், வழக்கமாக 2 முதல் 4 டிகிரி. கைகள் பந்துக்கு முன்னே சாய்ந்தால் தண்டு சாயும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி லாஃப்ட் குறையும். 3 டிகிரி பட்டரை 4 டிகிரி முன்சாய்த்துத் தட்டினால் முகம் கீழ்நோக்கிவிடும். பந்து புல்லுக்குள் அழுத்தப்பட்டு எகிறும். காணொளியில் பந்து முதலில் அமுங்கி, பிறகு எழும்பினால் இதுதான் நடக்கிறது. எடுத்த எடுப்பிலேயே காற்றில் மிதந்து விழுந்தால் லாஃப்ட் அதிகம், அல்லது கைகள் பந்துக்குப் பின்னால் நிற்கின்றன.

முன்சாய்க்கும் பழக்கம் உங்களுக்கு இயல்பானது, விட முடியாதது என்றால் லாஃப்ட் கூடுதலான பட்டர் எடுங்கள். முன்கையோடு தண்டைச் சாய்த்துப் பிடிக்கும் ஆர்ம்-லாக் பட்டர்களுக்கு வழக்கத்தைவிட அதிக லாஃப்ட் இருப்பது இந்தக் காரணத்தால்தான். விதிகள் 10 டிகிரி வரை அனுமதிக்கின்றன. பல பட்டர்களின் கழுத்தை வளைத்து ஓரிரு டிகிரி கூட்டவும் குறைக்கவும் முடியும். அதற்கான கருவியும் பழகிய கையும் வேண்டும். முழங்காலில் வைத்து வளைத்துப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: முதுகு வலிக்கிறது, டோ தூக்கி நிற்கிறது

நீளம். நின்று ஆடும் நிலையில் வலது கையில் ஒரு பந்தை எடுத்து, மூக்கின் மேற்பகுதியில் இரு கண்களுக்கு நடுவே பிடித்து, கீழே விடுங்கள். ஆட வேண்டிய பந்தின்மேல் விழுந்தாலும், அதற்கும் காலுக்கும் இடையே ஓரிரு அங்குலத்தில் விழுந்தாலும் சரி. காலுக்கு மிக அருகே விழுந்தால் பட்டர் நீளம் அல்லது நீங்கள் நிமிர்ந்து தள்ளி நிற்கிறீர்கள். பந்தைத் தாண்டி விழுந்தால் குட்டை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். உங்கள் உயரத்தைவிடக் கைகள் எவ்வளவு கீழே தொங்குகின்றன என்பதே முக்கியம். உயரமானவருக்கு நீண்ட பட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக் கூடாது.

டோ தூக்கி நின்றால் பந்து இடப்பக்கம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் பலர். முகச் சாய்வு அதிகமுள்ள ஐயன் மட்டைகளுக்கு அது பெரிய உண்மை. பட்டரில் லாஃப்ட் மிகக் குறைவு என்பதால் இரண்டு டிகிரி தூக்கினாலும் திசை மாறுவது ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்குதான். உண்மையான கேடு வேறு இடத்தில்: தூக்கி நிற்கும் தலை பார்வைக்குக் குறியைக் குழப்பும், அடிப்பகுதி புல்லை உரசும் இடமும் மாறும். ஆகவே லை கோணத்தை, அதாவது தண்டு தரையோடு சேரும் கோணத்தை, சரிசெய்யுங்கள், ஆனால் இடப்பக்கத் தவறு அதனால் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அறிகுறி: மூன்றடிக்குள் கை வெட்டி இழுக்கிறது

நீண்ட தூரத்தில் அமைதியாக இருக்கும் கைகள், குழியருகே வந்ததும் தாமாகத் துள்ளுகின்றன. இதை மனவலிமைக் குறைவு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. உலகத்தரமான ஆட்டக்காரர்களையே பல ஆண்டுகள் வாட்டிய தொல்லை இது. லூகாஸ் குளோவர் நெடுங்காலம் இதனோடு போராடி, 2023இல் நீண்ட தண்டுள்ள பட்டருக்கு மாறி, அந்த ஆகஸ்டில் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு போட்டிகளை வென்றார். கை பழகியிருக்கும் அசைவையே மாற்றிவிடுவதுதான் இங்கே வேலை செய்கிறது: நீண்ட பட்டர், ஆர்ம்-லாக், நகப்பிடி, இடக்கையைக் கீழே பிடிப்பது என்று எதுவானாலும். சிறு சிறு மாற்றங்களால் அதிகப் பலன் இராது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 2016 ஜனவரி 1 முதல் மட்டையையோ பிடித்த கையையோ உடம்போடு ஊன்றி வீசுவது விதிமீறல்; முன்கையோடு ஒட்டிப் பிடிக்கும் ஆர்ம்-லாக் அதில் சேராது. நீண்ட பட்டர் செல்லும். அதை நெஞ்சில் ஊன்றக் கூடாது.

அறிகுறி: வாசலில் பத்துக்குப் பத்து, ஆட்டத்தில் ஒன்றும் விழுவதில்லை

உங்கள் பட்டரில் குறையில்லை. பணத்தைச் சேமியுங்கள். சரிவைக் குறைவாகக் கணிப்பதுதான் பெரும்பாலும் காரணம். பந்து எப்போதும் சரிவின் தாழ்ந்த பக்கமே தவறுகிறதா என்று கவனித்தால் தெரிந்துவிடும். பைஃபோகல் அல்லது பல்பார்வைக் கண்ணாடி அணிகிறவர்கள், ஒற்றைப் பார்வைக் கண்ணாடியோடு ஒருமுறை ஆடிப் பார்க்கவும். கீழ்க்கண்ணாடி வழியே பந்தையும் மேல்வழியே குழியையும் பார்க்கும்போது கோடு உடைந்து தெரியும்.

அறிகுறி: கடையில் நன்றாக இருந்தது, சில வாரங்களில் பழையபடி

கடையின் விரிப்பு சமதளம், வேகம் மாறாது, ஒரே இடத்திலிருந்து ஒரே குழிக்குத் தட்டினால் மூன்றாவது பந்திலேயே கை அந்தத் தூரத்தைக் கற்றுக்கொள்ளும். அங்கே எல்லா பட்டரும் நல்ல பட்டர்தான். உங்கள் பழைய மட்டையையும், நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தையும் எடுத்துப் போங்கள்; மென்மையான பந்தும் கடினமான பந்தும் ஒரே முகத்தில் வேறு வேறு ஒலியும் உணர்வும் தரும். பழையதில் ஒரு பந்து, புதியதில் ஒரு பந்து என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் தூரத்தை மாற்றி ஆடுங்கள். முடிந்தால் உண்மையான கிரீனில், வாசலோடு.

பிடித்துப்போன மட்டையின் நீளம், லாஃப்ட், லை, தலையின் எடை, தொங்கல் ஆகிய ஐந்தையும் வாங்கிய அன்றே அளந்து எழுதிவையுங்கள். மென்மையான உலோகக் கழுத்துகள் பையில் இடிபட்டும் காரின் பின்பெட்டியில் அழுந்தியும் சிறிது வளைந்துவிடுவது உண்டு. ஓரிரு டிகிரி வளைவு கண்ணுக்குத் தெரியாது, வாசலில் தெரியும். எண்கள் மாறியிருந்தால் வளைத்துச் சரிசெய்யுங்கள். எண்கள் அப்படியே இருந்தும் பந்து தவறினால், குறியை நூல் வைத்துச் சோதிக்கும் இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். அந்தச் சோதனை முடியும்வரை பழைய பட்டரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.